டைல்ஸ் பதிக்கும்போது ஸ்பேசர், கிளிப், ஆப்பு: வன்னி வீடுகளில் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று வன்னிக்குள் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் பலர் இதை மாபிள் என்றே சொல்வார்கள். கடைக்காரர் டைல்ஸ் என்பார், பத்திரத்தில் தரை ஓடு என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். நான் இங்கே டைல் என்று எழுதுகிறேன். வீட்டுக்காரரும் புதிதாக வேலை பழகும் தம்பிமாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

ஸ்பேசர், கிளிப், ஆப்பு. இந்த மூன்றில் எது எதற்கு?

ஸ்பேசர் என்பது கூட்டல் குறி மாதிரி இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டு. நாலு டைல் சந்திக்கும் மூலையில் வைப்பது. மூன்று டைல் சந்திக்கும் இடத்துக்கு ஒரு கால் இல்லாத வகையும் உண்டு. இரண்டு டைலுக்கு நடுவில் உள்ள இடைவெளியை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைத்திருப்பதுதான் அதன் வேலை.

கிளிப்பும் ஆப்பும் சோடியாக வேலை செய்பவை. கிளிப்புக்குத் தட்டையான அடிப்பாகம் உண்டு, அது டைலின் அடியில் போகும். அதிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று இடைவெளி வழியாக மேலே வரும். தண்டில் இருக்கும் ஓட்டைக்குள் ஆப்பைச் செருகித் தள்ளினால், பக்கத்துப் பக்கத்து டைல்களின் விளிம்புகள் மேலே ஆப்புக்கும் கீழே அடிப்பாகத்துக்கும் நடுவில் பிடிபட்டு ஒரே மட்டத்துக்கு வரும். பசை இறுகிய பிறகு தண்டை உடைத்து எடுக்கலாம். அடிப்பாகம் தரைக்குள்ளேயே கிடக்கும், ஆப்பு அடுத்த நாள் வேலைக்கு உதவும்.

ஆக, ஸ்பேசர் பக்கவாட்டைப் பார்க்கிறது, கிளிப் உயரத்தைப் பார்க்கிறது. கிளிப் போட்டால் ஸ்பேசர் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். தண்டின் தடிப்பு இடைவெளியை அதற்குக் கீழே குறைய விடாது, அது உண்மை. ஆனால் டைல் விலகிப் போவதை அது தடுக்காது. மூலைக்குச் ஸ்பேசர் வைத்தே ஆக வேண்டும். வாங்கும்போது இரண்டின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். 2 மில்லிமீற்றர் கிளிப்போடு 1 மில்லிமீற்றர் ஸ்பேசரைக் கொண்டு வந்து தந்தால் எந்த மேசனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டி வைத்தால் வடிவாக இருக்கும் என்கிறார்களே?

புதிதாகப் பதித்த அன்று வடிவாகத்தான் இருக்கும். ஆனால் எந்த டைலும் அடுத்த டைலின் அச்சொட்டான அளவில் இருப்பதில்லை. ஒரே பெட்டிக்குள்ளேயே அரை மில்லிமீற்றர் வித்தியாசம் வரலாம். இடைவெளி விடாமல் ஒட்டினால் அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பத்தாவது வரிசையில் கோடு வளைந்து போகும். அதை மறைக்க இடமே இருக்காது.

இரண்டாவது காரணம் சூடு. டைலும் அதன் கீழுள்ள சீமெந்தும் சூட்டில் விரியும். 6 மீற்றர் நீளத் தரை 20 பாகை சூடேறினால் டைல் ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர் நீளும். சின்ன எண்தான். ஆனால் நீள வழியே இல்லாவிட்டால் அந்தத் தள்ளுவிசை எங்கேயாவது வெளியே வந்துதான் தீரும். சித்திரை வெயிலில் மத்தியான நேரம் விறாந்தை நடுவில் இரண்டு டைல் கூரை மாதிரி எழும்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டு, பேய் என்று பயந்த வீட்டையும் எனக்குத் தெரியும். பேய் இல்லை, இடைவெளி இல்லாததுதான்.

சுவரோரத்திலும் 6 மில்லிமீற்றர் அளவுக்கு இடம் விட்டு வையுங்கள். அதற்குள் சீமெந்தை அடைக்கக் கூடாது. சுவரின் அடியில் வரும் ஓரப்பட்டி அதை மூடிவிடும். பெரிய மண்டபம் என்றால் 20, 25 அடிக்கு ஒரு தடவை, வெயில் படும் விறாந்தை என்றால் 8 முதல் 12 அடிக்கு ஒரு தடவை, ஓர் இடைவெளிக் கோட்டைச் சீமெந்தால் அடைக்காமல் சிலிக்கோன் போன்ற நெகிழும் பொருளால் நிரப்ப வேண்டும்.

அப்படியென்றால் எத்தனை மில்லிமீற்றர் ஸ்பேசர் வாங்குவது?

விளிம்பை வெட்டிச் சீராக்கிய 2 அடிக்கு 2 அடி டைலுக்கு வீட்டுக்குள் 2 மில்லிமீற்றர். விளிம்பு சற்று உருண்டையாக, அச்சில் வந்தபடியே இருக்கும் டைலுக்கு 3. வெளி விறாந்தைக்கு 3 முதல் 5. ஒன்றரைக்குக் கீழே போக நான் சம்மதிப்பதில்லை, அந்தச் சந்துக்குள் கிறவுட், அதாவது இடைவெளியை அடைக்கும் கலவை, ஒழுங்காக இறங்காது.

நெருப்புக்குச்சியும் ஆணியும் வைத்து எத்தனை வீடு செய்தோம். இப்போது மட்டும் ஏன் ஸ்பேசர்?

செய்தோம்தான். எனக்கு வேலை பழக்கியவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு நெருப்புப் பெட்டி வைத்திருப்பார். ஆனால் குச்சி ஈரத்தில் ஊதும், ஆணி தலைப்பக்கம் தடிக்கும், மடித்த மட்டை அமுங்கும். 1 அடி டைல் காலத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது வீட்டுக்காரர் 2 அடி டைல், 4 அடி டைல் கேட்கிறார். கண்ணாடி மாதிரி மினுங்கும் தரையில் அரை மில்லிமீற்றர் பிசகும் தெரியும். ஒரு பை ஸ்பேசரின் விலை ஒரு டைலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கிளிப் போட்டால் தரை தானாக மட்டமாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். கிளிப் வந்த பிறகு நடக்கிற பிழைகளில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையால்தான் நடக்கின்றன.

கிளிப் செய்வது ஒன்றே ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு விளிம்பைச் சமன் செய்யும். அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மட்டம் பார்ப்பது அதன் வேலை இல்லை. தரை முழுக்க ஒரு பக்கம் சரிந்திருந்தால் டைலும் அழகாக, ஒரே சீராக, சரிந்தே இருக்கும். அதற்கு நூல் கட்ட வேண்டும், நீர்மட்டம் வைக்க வேண்டும், தண்ணீர்க் குழாயால் நாலு சுவரிலும் மட்டக் கோடு போட வேண்டும். அந்த வேலையைக் கிளிப் குறைக்கவில்லை.

டைலைத் தாங்குவதும் கிளிப் இல்லை. கீழே உள்ள பசைதான் தாங்குகிறது. கிளிப் வாங்கத் தொடங்கிய முதல் வருடத்தில் நானே இதில் பிழை விட்டேன். மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு வீடு. அவசரத்தில், டைலின் பின்பக்கம் நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து பசை உருண்டை வைத்துப் பதித்தேன். மூலைகள் கொஞ்சம் ஏறி இறங்கின. பரவாயில்லை, கிளிப் இருக்கிறதே என்று ஆப்பை இறுக்கினேன். தாழ்ந்த விளிம்பு மேலே வந்தது, தரை பார்க்கக் கண்ணாடி. ஆனால் மேலே வந்த டைலின் அடியில் என்ன இருந்தது? காற்று. அடுத்த பெரும்போக அறுவடைக்கு வீட்டுக்காரர் மண்டபத்தின் ஒரு மூலையில் நெல் மூட்டைகளை அடுக்கினார். ஒரு மூட்டை 60, 70 கிலோ, ஐந்தாறு அடுக்கு. மூட்டை எடுத்த பிறகு பார்த்தால் மூன்று டைல் மூலையோடு வெடித்திருந்தது. அந்த அண்ணை என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி தந்து, "தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ" என்றுதான் சொன்னார். மூன்றையும் கழற்றி என் செலவில் பதித்துக் கொடுத்தேன். கழற்றும்போது ஒவ்வொரு டைலின் பின்பக்கமும் ஐந்து வட்டம் மட்டும்தான் ஒட்டியிருந்தது, மற்ற இடமெல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே சுத்தம்.

அதன் பிறகு உருண்டை வைத்துப் பதிப்பதை விட்டுவிட்டேன். பல்லுள்ள சாந்தகப்பையால் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். 2 அடி டைலுக்கு 10 மில்லிமீற்றர்ப் பல் சரி. டைலின் பின்பக்கமும் மெல்லிய ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். வைத்த பிறகு, கோடுகளுக்குக் குறுக்காக டைலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் கோடுகள் படுத்துக் காற்று வெளியேறும். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு டைலைக் கிளப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வீட்டுக்குள் குறைந்தது 80 வீதம், குளியலறையிலும் வெளியிலும் 95 வீதம் பசை பிடித்திருக்க வேண்டும். இது சரி என்றால் மட்டும் கிளிப்பைப் பற்றி யோசியுங்கள்.

மணலும் சீமெந்தும் கலந்த தடிப்பான படுக்கையில் பதித்தால் கிளிப் வேலை செய்யுமா?

ஓரளவுக்கு. எங்கள் பக்கத்தில் இன்னும் பல மேசன்மார் பாதி ஈரமான சாந்தைப் பரப்பி, மேலே சீமெந்துப் பால் ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள். நல்ல கையால் செய்தால் அது உறுதியான முறை. ஆனால் அதில் டைலைக் கீழே தட்டித்தான் மட்டம் எடுக்க முடியும். கிளிப் தாழ்ந்த டைலை மேலே இழுக்கும். இழுத்தால் அடியில் வெற்றிடம் வரும், சாந்து பசை மாதிரிக் கூடவே எழும்பி வராது. அதனால் இந்த முறையில் முதலில் தட்டியே சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, இறுகும்வரை அசையாமல் இருக்க மட்டும் கிளிப்பை லேசாகப் போடலாம். விளிம்பு மூன்று மில்லிமீற்றர் தாழ்ந்து கிடந்தால் கிளிப்பால் இழுக்காதீர்கள். டைலை எடுத்து, சாந்து போட்டு, திரும்ப வையுங்கள்.

ஓர் அறைக்கு எத்தனை கிளிப் வேண்டும்?

2 அடி டைலுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு கிளிப், மூலையில் இருந்து இரண்டு அங்குலம் உள்ளே. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு டைல் பங்குபோடுவதால், கணக்குக்கு ஒரு டைலுக்கு நாலு என்று வரும். 10 அடிக்கு 12 அடி அறைக்கு 30 டைல் என்றால் 120 கிளிப். சுவரோரத்துக்குக் கிளிப் தேவையில்லை, அதனால் கொஞ்சம் மிஞ்சும். அது உடைந்து போகிறவைக்குச் சரியாகிவிடும். ஆப்பு அவ்வளவு வேண்டாம். ஒரு நாளைக்குப் பதிக்கிற அளவுக்கு 100 இருந்தால் முழு வீட்டையும் முடிக்கலாம். 1 அடி டைலுக்குக் கிளிப்பே தேவையில்லை என்பது என் எண்ணம்.

கிளிப் வாங்கும்போது டைலின் தடிப்பையும் பாருங்கள். சாதாரண ஆப்பு வகை 3 முதல் 12 மில்லிமீற்றர்த் தடிப்பு வரைக்கும் பிடிக்கும். அதைவிடத் தடித்த டைலுக்கு நீளத் தண்டுக் கிளிப் தனியாக இருக்கிறது.

2 அடி டைல் உண்மையில் 2 அடியா?

இல்லை. இதை வீட்டுத் திட்டம் கீறும்போதே தெரிந்திருந்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதி. டைல் 60 சென்டிமீற்றர், இரண்டு அடி என்பது 60.96. ஒரு டைலில் வித்தியாசம் ஒரு சென்டிமீற்றர்கூட இல்லை. ஆனால் 10 அடி அறையில் என்ன ஆகிறது பாருங்கள். ஐந்து டைல் 3,000 மில்லிமீற்றர், நாலு இடைவெளி தலைக்கு 2, மொத்தம் 3,008. 10 அடி என்பது 3,048. ஒரு பக்கத்தில் 40 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம், வெறுமையாக நிற்கும். ஓரப்பட்டியால் அவ்வளவை மூட முடியாது. சுவர் முழுக்க ஒன்றரை அங்குலத்தில் ஒரு கீற்றுப் போட வேண்டி வரும். அதை வெட்டும்போது பாதி உடையும், பதித்தாலும் கண்ணில் குத்தும்.

வழி இரண்டு. அறையின் நடுவில் இருந்து தொடங்கினால் நாலு முழு டைல் வந்து, இரு சுவரோரமும் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடிய துண்டு வரும். பார்க்க மிக வடிவு, ஆனால் டைல் கூடச் செலவாகும். இல்லையென்றால் அந்தக் கீற்றைக் கட்டிலோ அலுமாரியோ நிற்கப் போகும் சுவரோரம் தள்ளி, வாசல் பக்கத்தில் முழு டைல் வரச் செய்யலாம். நான் மண்டபத்துக்கு முதல் வழியையும் படுக்கையறைக்கு இரண்டாவதையும் சொல்வேன். எப்படியானாலும் பூச்சு வேலை முடிந்த பிறகு அளந்து, பசை குழைக்கும் முன் ஒரு வரிசையை ஸ்பேசரோடு சும்மா அடுக்கிப் பாருங்கள். மூலை மட்டத்துக்கு 3, 4, 5 கணக்கு: ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால், குறுக்கே 5 அடி வர வேண்டும்.

கிளிப்பை எப்போது உடைப்பது? எப்படி?

அடுத்த நாள். 24 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரியில், வாடைக்காற்றும் ஈரமும் இருக்கும்போது, இன்னும் அரை நாள் பொறுத்தால் நல்லது. அதற்கு முன் அந்த அறைக்குள் யாரும் நடக்கக் கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் வாசலுக்குக் குறுக்கே கதிரை வைத்துவிட்டு வருவேன்.

உடைக்கும் திசை முக்கியம். இடைவெளி ஓடும் திசையிலேயே அடிக்க வேண்டும், குறுக்கே அடித்தால் டைல் விளிம்பு பெயரும். ரப்பர் சுத்தியலால் தாழ்வாக ஒரு தட்டு, அல்லது சப்பாத்துக் காலால் ஓர் உதை. தண்டின் அடியில் மெலிந்த இடம் ஒன்று இருக்கிறது, அங்கே "டக்" என்று முறிய வேண்டும்.

சில நேரம் மேலே முறிந்து, பிளாஸ்டிக் முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காரணம் இதுதான்: பதிக்கும்போது இடைவெளிக்குள் பிதுங்கி வந்த பசையை யாரும் துடைக்கவில்லை, அது தண்டைச் சுற்றி இறுகிவிட்டது. ஆகவே டைல் வைத்து ஆப்பு இறுக்கியவுடனேயே, தண்டைச் சுற்றியுள்ள பசையைச் சின்னத் தகட்டால் வழித்து, ஈர ஸ்பொஞ்சால் துடையுங்கள். மறுநாள் கத்தியால் சுரண்டுவது இதைவிடப் பத்து மடங்கு வேலை. நீட்டிய முனையை அப்படியே விட்டுக் கிறவுட் பூசினால், ஆறு மாதத்தில் அந்த இடம் பெயர்ந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும்.

ஆப்பை இறுக்கக் குறடு ஒன்று விற்கிறார்கள். நல்ல சாமான்தான், ஆனால் புதியவர் கையில் கொடுத்தால் தண்டு அறும்வரை இறுக்குவார். விளிம்பு இரண்டும் சேர்ந்துவிட்டதா என்று விரல் நகத்தை குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படாவிட்டால் போதும், நிறுத்துங்கள்.

மூடி மாதிரிச் சுழற்றுகிற வகை வந்திருக்கிறதே, அது நல்லதா?

மெதுவாக இறுக்கலாம், வேண்டுமென்றால் தளர்த்தலாம், அது நல்லது. ஆனால் மினுக்கிய டைலில் மூடிக்கு அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் வட்டமாகக் கீறும். அடியில் வழுவழுப்பான வளையத்தோடு வருவதை வாங்குங்கள், டைலையும் துடைத்துவிட்டுச் சுழற்றுங்கள். பழகுபவருக்குச் சுழற்றுவது, வேகமாகச் செய்பவருக்கு ஆப்பு.

சுவருக்கு என்ன மாற்றம்?

சுவரில் டைல் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும், அதனால் ஸ்பேசர் அங்கே இன்னும் அவசியம். முதல் வரிசையைத் தரையில் இருந்து தொடங்காதீர்கள், தரை ஒருநாளும் முழு மட்டமாக இருக்காது. இரண்டாவது வரிசையின் அடிக்கோட்டில் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை மட்டம் பார்த்து அடித்து, அதன் மேல் இருந்து ஏறுங்கள். அடிவரிசையைக் கடைசியில் வெட்டி வையுங்கள். சிறு உயர வித்தியாசத்துக்கு, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தனி ஆப்பை மெல்ல உள்ளே தள்ளி டைலைத் தூக்கலாம். நாலு வரிசைக்கு ஒரு தடவை தூக்குக்குண்டு.

பெயின்ற் அடித்த குசினிச் சுவரில் நேரே ஒட்டுவது வேண்டாம். கொத்திக் கரடாக்கிவிட்டுத்தான்.

குளியலறைத் தரையிலும் கிளிப் போடலாமா?

தண்ணீர் ஓடுகிற தரைக்கு ஒரு மீற்றருக்கு 1 முதல் 2 சென்டிமீற்றர் சரிவு வேண்டும். நாலு பக்கமும் இருந்து ஒரு துவாரத்தை நோக்கிச் சரியும் இடத்தில் பெரிய டைல் வளைந்து கொடுக்காது, கிளிப் அதை வலுக்கட்டாயமாகச் சமன் செய்யப் பார்த்துச் சரிவைக் கெடுக்கும். அங்கே சின்ன டைல், ஸ்பேசர் மட்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே மேசனுக்குக் காசு கொடுங்கள்.

மரப்பலகை மாதிரி நீள டைல் பதித்தால் நடுவில் மேடு வருகிறதே?

நீள டைல் சூளையிலேயே லேசாக வளைந்து வரும். இரண்டை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்தால் சந்து தெரியும். செங்கல் கட்டுவது மாதிரி பாதிக்குப் பாதி வைத்தால், ஒன்றின் உயர்ந்த நடுப்பகுதி மற்றதன் தாழ்ந்த முனையோடு சேரும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி வையுங்கள். கிளிப் உதவும், ஆனால் வளைந்த டைலை நிமிர்த்துவதற்காக இறுக்கினால் பசை விடும் அன்று அது திரும்ப வளையும்.

வெயில் காலத்தில் பதிக்கலாமா?

பதிக்கலாம், நேரம் பார்த்து. பல பசைப் பாக்கெட்டுகளில் பரப்பிய பிறகு 20 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று யன்னல் போடாத வீட்டுக்குள் புகுந்து அடிக்கும்போது அந்த 20 நிமிடம் கிடைக்காது. மேலே தோல் மாதிரி ஆடை படியும். விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் நல்லது, ஒட்டாவிட்டால் வழித்தெடுத்துப் புதிதாகப் போடுங்கள். மேலே தண்ணீர் தெளித்துச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது பிழை. யன்னல் ஓட்டைகளுக்குச் சாக்கோ தறப்பாளோ கட்டி, வெயில் படும் விறாந்தையை விடியவே தொடங்கி ஒன்பது மணிக்குள் முடியுங்கள்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. பழைய சீமெந்துத் தரையின் மேலேயே பதிக்கலாமா?

இப்போது எனக்கு வருகிற வேலையில் நிறைய இதுதான். 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள், சனம் தாங்களே நின்று கட்டினார்கள். அந்தக் காசுக்குள் தரை சீமெந்தோடு நின்றது. இன்று பிள்ளை உழைத்து அனுப்புகிற காசில் அதே தரைக்கு டைல் போடுகிறார்கள். ஓர் அம்மா, கூடாரத்தில் சாணி மெழுகிய நிலத்தில் படுத்த நாட்களைச் சொல்லிக்கொண்டே, பதித்து முடித்த டைலைக் கையால் தடவிப் பார்த்தார். அப்படிப்பட்ட வீட்டில் அரைகுறை வேலை செய்ய எனக்கு மனம் வராது.

பதிக்கலாம், ஆனால் முதலில் தரையை முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று கேட்கும் இடத்தை உடைத்துத் திரும்பப் பூச வேண்டும். வழுவழுப்பாகத் தேய்த்த தரையைக் கொத்திக் கரடாக்கி, தூசு போகக் கழுவ வேண்டும். பிறகு 6 அடிச் சட்டத்தை வைத்துப் பள்ளம் பார்த்து, பெரிய பள்ளங்களைப் பதிப்பதற்கு முந்திய நாளே நிரப்புங்கள். கிளிப்பின் அடிப்பாகமே ஒரு மில்லிமீற்றர் இடம் எடுக்கும், மேடான இடத்தில் பசை மெலிந்தால் அது முட்டும். டைலும் பசையும் சேர்ந்து தரையை ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் உயர்த்தும். கதவின் அடியை வெட்டுவதற்குத் தச்சரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

துணுக்காய், முருங்கன் பக்கம் தரை அடிக்கடி வெடிக்கிறதே, டைல் தாங்குமா?

அங்கே உள்ளது கருங்களி மண். மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அத்திவாரமும் தரைக்குக் கீழ் நிரப்பிய மண்ணும் ஒழுங்கில்லாவிட்டால் ஸ்பேசரோ கிளிப்போ எந்த நாட்டுப் பசையோ காப்பாற்றாது. பழைய தரையில் வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே ஒரு டைல் படுக்காதபடி, முடிந்தவரை வெடிப்பு ஓடும் கோட்டிலேயே ஓர் இடைவெளி வரும்படி அடுக்கி, அதைச் சிலிக்கோனால் நிரப்புங்கள். மாரியில் கூடிக் கோடையில் குறைகிற வெடிப்பு என்றால், முதலில் கட்டடம் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஏற்றி நிறுத்தும் போர்ட்டிக்கோவுக்கு?

தடித்த, கரடான மேற்பரப்புள்ள டைல். அடியில் முழுப் பசை, 5 மில்லிமீற்றர் இடைவெளி. உள்வீட்டு மினுக்கு டைலை அங்கே போடவே வேண்டாம், மழைக்கு வழுக்கும்.

டைலைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமா?

சீமெந்துப் பாலில் ஒட்டும் பழைய முறையில், தண்ணீர் குடிக்கும் சுவர் டைலுக்கு ஊறல் தேவைப்பட்டது. போர்சலின் தரை டைல் அரை வீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, ஊறப்போட்டுப் பயனில்லை. பசையில் ஒட்டுவதென்றால் எதையும் ஊறப்போடாதீர்கள், பின்பக்கத் தூசைத் துடைத்தால் போதும்.

கிறவுட் எப்போது பூசுவது? வெள்ளையாகப் பூக்கிறதே?

கிளிப் உடைத்து, ஸ்பேசரையும் எடுத்த பிறகு. மூலையில் ஸ்பேசரைப் படுக்க வைத்து உள்ளேயே விட்டால் அந்த இடத்தில் கிறவுட் மெலிந்து நிறம் மாறும். அதனால்தான் நான் அதைக் காலில் நிற்க வைத்துவிட்டுப் பிறகு பிடுங்குகிறேன். இடைவெளியின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும். வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் உப்பு. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தாலும், துடைக்கும்போது ஸ்பொஞ்சில் தண்ணீர் வழிய வழியத் துடைத்தாலும் வரும். குடிக்கிற தண்ணீரில் குழையுங்கள், ஸ்பொஞ்சைப் பிழிந்து துடையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடல் மணலைச் சாந்துக்குச் சேர்ப்பதைக் கண்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

கிளிப் போடச் சொன்னால் மேசன் கோபிப்பாரா?

கோபிக்க ஒன்றும் இல்லை. ஆனால் வேலை தொடங்கி இரண்டாம் நாள் வந்து சொன்னால் யாருக்கும் சங்கடம்தான். கூலி பேசும்போதே சொல்லுங்கள்: "அண்ணை, கிளிப்பும் ஸ்பேசரும் நான் வாங்கித் தாறன், உங்களுக்கு எந்த அளவு வேணும்?" கிளிப் போட்டால் ஒரு நாளில் பதிக்கிற சதுர அடி கொஞ்சம் குறையும், அதற்குரியதைக் கூலியில் சேர்த்துப் பேசுங்கள். இருபது வருடம் நூலும் ரப்பர் சுத்தியலும் மட்டும் வைத்து நேராகப் பதித்தவர் என்றால், அவர் கையை நம்பலாம். அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பெரிய டைலுக்கு மட்டும் கிளிப்பைக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் எதைப் பார்க்க வேண்டும்?

பகலில் பார்க்காதீர்கள். இருட்டிய பிறகு லைற்றை எல்லாம் அணைத்துவிட்டு, ரோர்ச்சைத் தரையில் படுக்க வைத்து அடியுங்கள். ஏறி நிற்கும் விளிம்பு ஒவ்வொன்றும் நிழல் விழுத்திக் காட்டிவிடும். ஒரு மில்லிமீற்றருக்குள் என்றால் விட்டுவிடலாம், அதற்கு மேல் கால் தடக்கும். பிறகு ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நாலு மூலையையும் நடுவையும் தட்டுங்கள். பொக்கென்று கேட்பதைப் பென்சிலால் அடையாளம் போட்டு வையுங்கள். இதை எல்லாம் கிறவுட் பூசுவதற்கு முதல்நாள் இரவு செய்தால் மேசனுக்கும் திருத்துவது சுகம்.

மிஞ்சிய டைலில் ஒரு பெட்டியை எடுத்து வையுங்கள், பெட்டி மட்டையில் உள்ள தொகுதி எண்ணையும் கிழிக்காமல். இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கடையில் கிடைக்காது. ஆப்புகளை அன்றைக்கே தண்ணீர் வாளிக்குள் போட்டுக் கழுவினால் அடுத்த வீட்டுக்கு உதவும். உடைந்த தண்டுகளை முற்றத்தில் கொளுத்தாமல் ஒரு பையில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.